கைதட்டிய கூட்டம் எதற்குக் கைதட்டியது?

1977 செப்டம்பர் 16. மொராக்கோவின் ரபாத் நகரில், மன்னர் இரண்டாம் ஹசனின் ஏற்பாட்டில் இரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் சந்தித்தார்கள். ஒருவர் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் மோஷே தயான். ஒற்றைக் கண்ணை மூடும் கறுப்புப் பட்டையை வைத்தே ஊர் உலகம் அவரை அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் பட்டையைக் கழற்றிவிட்டு, பொய் முடியும் மீசையும் வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார். எதிரில் உட்கார்ந்தவர் ஹசன் துஹாமி, எகிப்தின் துணைப் பிரதமர், அதிபர் அன்வர் சாதாத்தின் பழைய கூட்டாளி. எகிப்துக்கும் அப்போது ஒரு வெளியுறவு அமைச்சர் இருந்தார், இஸ்மாயில் ஃபஹ்மி என்று. அவர் அங்கே இல்லை.

இந்தச் சந்திப்பு இஸ்ரேல் தலைமைக்குத் தெரியும், மொராக்கோ அரண்மனைக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் எந்த நாட்டோடு சண்டை போட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களோ, அந்த நாட்டோடு பேச்சு நடக்கிறது என்பது எகிப்தியர்களுக்குத் தெரியாது. ராஜதந்திர ரகசியம் என்பது எதிரிக்குத் தெரியாமல் காப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சொந்த ஜனங்களுக்குத் தெரியாமல் காப்பது.

நவம்பர் 9-ஆம் தேதி எகிப்து நாடாளுமன்றத்தில் சாதாத் பேசினார். என் சிப்பாய் ஒருவன்கூடக் காயப்படாமல் இருக்க உலகத்தின் கோடிக்குப் போகவும் தயார், இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கே போகவும் தயார் என்ற பொருளில் ஒரு வாக்கியம் நடுவில் வந்தது. அன்று அவையில் விருந்தினராகப் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தும் இருந்தார். கைதட்டல் கிளம்பியது. மேடைப் பேச்சு என்று நினைத்துத் தட்டிய கைகள் அவை. பத்தே நாளில் மனிதர் நிஜமாகவே விமானம் ஏறிவிட்டார். ஃபஹ்மி ராஜினாமா செய்தார். அவருடைய இடத்துக்குக் கொண்டுவந்த முகமது ரியாதும் அன்றைக்கே விலகினார். கடைசியில் பொறுப்பு அமைச்சராக விமானத்தில் கூடப் போனவர் புத்ரோஸ் காலி. பின்னாளில் ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனாரே, அவரேதான்.

நான் அப்போது சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் சப்-எடிட்டர், ராத்திரி ஷிஃப்ட். சாதாத்தின் விமானம் 19-ஆம் தேதி சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள் முடிந்த பிறகு, டெல் அவிவ் அருகே இறங்கியது. நம் நேரத்துக்கு நள்ளிரவை நெருங்கிவிட்டது. வெளியூர்ப் பதிப்பெல்லாம் ரயிலேறிப் போயாகிவிட்டது. டெலிபிரிண்டர் மணி அடித்தபடியே தாள் தாளாகத் துப்பியது. நகரப் பதிப்பில் இடம் பிடிக்கப் போராடினோம். அதே நாளில்தான் ஆந்திரக் கரையைப் புயல் தாக்கியது. திவி சீமையில் கடல் ஊருக்குள் புகுந்தது. முந்தின வாரம்தான் நாகப்பட்டினம் பக்கம் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. திங்கட்கிழமை இரவு சாதாத் கெய்ரோ திரும்பியதும், தெருவெல்லாம் ஜனத்திரள் என்று செய்தி வந்தது. திவி சீமையிலிருந்து பிணக்கணக்கு ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கெய்ரோ கூட்டத்துக்கு மூன்று காலம் இடம் கேட்டேன். அச்சுக்கூட ஃபோர்மேன் கையில் கம்போசிங் ஸ்டிக்கோடு நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, இங்க ஜனம் தண்ணியில மெதக்குது. அங்க ஜனம் கை தட்டுறதுக்கு மூணு காலமா? ஒண்ணு தர்றேன், வாங்கிக்குங்க.” ஒரு காலம்தான் கிடைத்தது.

அந்த ஒற்றைக் காலத்தில் அடங்காமல் போனது நிறைய. இஸ்ரேல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாத் வருவதற்குச் சில நாள் முன்பு அந்நாட்டு ராணுவத் தலைமைத் தளபதி மொர்தெகாய் குர், இது 1973 போர் போலவே இன்னொரு ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று பத்திரிகைக்கே பேட்டி கொடுத்தார். அதே ஊரில் அவசர அவசரமாக எகிப்துக் கொடி தைத்தார்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் எகிப்து தேசிய கீதத்தைப் பழகினார்கள். விமானக் கதவு திறந்து சாதாத் படியில் நின்றதும் கூட்டம் நெகிழ்ந்துபோனது. மறுநாள் அவர் நாடாளுமன்றத்தில் என்ன பேசினார்? 1967-இல் பிடித்த நிலத்தையெல்லாம் விட்டு வெளியேறுங்கள், பாலஸ்தீனர்களுக்கு நாடு கொடுங்கள் என்றார். ஒரு அங்குலம்கூட இறங்கிப் பேசவில்லை. ஆனால் இஸ்ரேல் ஜனங்கள் மனத்தில் அந்தப் பேச்சு தங்கவில்லை. வந்தாரே, அதுதான் தங்கியது.

கெய்ரோ கூட்டத்தின் கணக்கு வேறு. அதைப் புரிந்துகொள்ள அந்த வருஷம் ஜனவரிக்குப் போக வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்கடியால் ரொட்டி, சர்க்கரை, சமையல் எரிவாயு என்று ஏழைகளின் சாமான்களுக்கு இருந்த மானியத்தை எகிப்து அரசு வெட்டியது. 18, 19 தேதிகளில் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து அஸ்வான் வரை ஜனம் தெருவுக்கு வந்தது. ராணுவம் இறங்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெட்டிய மானியத்தை அரசு திரும்பக் கொடுத்தது. அதைத் திருடர்களின் கலகம் என்று சொன்னார் சாதாத். அந்தத் ‘திருடர்கள்’தான் பத்து மாதம் கழித்து அவரை வரவேற்கச் சாலையோரம் நின்றார்கள். ஆள் பிடித்து வந்த கூட்டமும் அதில் உண்டு. ஆனால் அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க முடியாது. சண்டை நின்றால் ரொட்டி கிடைக்கும், பையன் பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வருவான் என்று நம்பி வந்தவர்கள் ஏராளம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அத்தானின் கடிதத்தில் படித்தேன். என் அக்காவின் கணவர் அப்போது குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆபீசில் கணக்கெழுதுகிறவர் எகிப்தியர், வரைபடம் போடுகிறவர் பாலஸ்தீனர். இருவரும் ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தவர்கள். சாதாத் போன வாரம் கெட்டில் இரண்டாகிவிட்டது என்று எழுதியிருந்தார் அத்தான். பாலஸ்தீனர், எங்கள் வீட்டுப் பத்திரத்தை எங்களைக் கேட்காமலே அடகு வைக்கப் போயிருக்கிறான் உங்கள் ஆள் என்றாராம். எகிப்தியர் திருப்பிக் கேட்டாராம்: “எங்க வீட்டுல ரெண்டு பேர் சண்டையில போயாச்சு. இன்னும் எத்தனை பேரை உனக்காக அனுப்பணும்?” நடுவில் மாட்டிக்கொண்ட அத்தான், இரண்டு பேருக்கும் தான் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை நீட்டியதாகவும் பாலஸ்தீனர் மட்டும் எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

வெளியே அரபு நாடுகள் கொதித்தன. டமாஸ்கஸில் துக்க நாள். டிசம்பரில் திரிபோலியில் கூடி, சாதாத்தை எதிர்க்க ஓர் அணியே அமைத்தார்கள். 1979-இல் அரபு லீக் எகிப்தை விலக்கி, தலைமையகத்தை கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றிக்கொண்டது. இதெல்லாம் அரசாங்கங்களின் கோபம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1978 பிப்ரவரியில் நடந்தது. ஜெருசலேமுக்கு சாதாத்தோடு போன நாவலாசிரியரும் ‘அல் அஹ்ராம்’ ஆசிரியருமான யூசுஃப் அல் சிபாயை சைப்ரஸ் நாட்டு ஹோட்டலில் சுட்டுக் கொன்றார்கள். கெய்ரோவில் அவருடைய இறுதி ஊர்வலத்தில் பாலஸ்தீனத்துக்கு எதிராகவே கோஷம் எழுந்தது. முப்பது வருஷமாகப் பாலஸ்தீனத்துக்காக நாலு சண்டை போட்ட ஊர் அது. மக்கள் கருத்து என்று நாம் சொல்வது எவ்வளவு சீக்கிரம் திசை மாறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு ரகசியமாகத் தொடங்கியது தப்பே இல்லை. நம் ஊரில் பெண் பார்க்கப் போவதைக்கூட முடிவாகும் வரை பக்கத்து வீட்டுக்குச் சொல்வதில்லை. ரபாத் சந்திப்பு மறுநாள் பத்திரிகையில் வந்திருந்தால் துஹாமியைத் துரோகி என்றும் தயானைப் பைத்தியம் என்றும் சொல்லி, அங்கேயே முடித்துவிட்டிருப்பார்கள். இதே தயான் அதற்கு முந்தின மாதம் டெல்லிக்கும் ரகசியமாக வந்து போனார். பிரதமர் மொரார்ஜி தேசாய், வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் இருவரையும் பார்த்தார். இஸ்ரேலோடு நமக்கு அப்போது தூதரக உறவு கிடையாது. செய்தி கசிந்தால் தன் பதவியே போய்விடும் என்று மொரார்ஜி பயந்ததாகத் தயான் பின்னாளில் தன் நூலில் எழுதினார். பதவி வேறு காரணத்தால் போனது, அது தனிக்கதை. விஷயம் வெளியே வந்தபோது இங்கே கொஞ்ச நாள் சத்தம் இருந்தது, பிறகு அடங்கியது. 1992-இல் தூதரக உறவே வந்தபோது இந்தக் கதையை ஞாபகம் வைத்திருந்தவர்கள் குறைவு.

திரும்பி வந்த பிறகும் ரகசியத்தைக் கட்டிக் காப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ரபாத்தில் என்ன பேசினார்கள்? 1967-இல் பிடித்த சினாயை முழுசாகத் திருப்பித் தர இஸ்ரேல் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள் என்று துஹாமி பக்கம் சொன்னது. அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை என்று தயான் மறுத்தார். எந்த நம்பிக்கையில் சாதாத் விமானம் ஏறினார் என்பதே இன்றுவரை சர்ச்சை. இப்படிப்பட்ட விஷயத்தில் தெருவில் நிற்கும் மனிதன் என்ன கருத்து சொல்வான்? படியில் இறங்கும் மனிதரைப் பார்த்துக் கையை ஆட்டுவான்.

அந்தக் கையாட்டலையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சாதாத். 1979 மார்ச் 26-இல் வாஷிங்டனில் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் எகிப்து நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிர்த்து வாக்களித்தவர்கள் 15 பேர். கொஞ்ச நாளில் அந்த நாடாளுமன்றமே கலைந்தது. ஜூனில் நடந்த தேர்தலில் அந்த 15 பேரில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அந்தச் சமயத்தில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஒப்பந்தத்துக்கு ஆதரவு 99 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தார்கள். ஒரு வீட்டில் இட்லியா தோசையா என்று கேட்டாலே அப்படி ஒரு முடிவு வராது. நாலு சண்டை கண்ட நாட்டில் வந்ததாம். அந்த எண்ணை அரசாங்கத்தில் யாராவது உண்மையாகவே நம்பினார்களா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். நம்பியிருந்தால் 1981 செப்டம்பரில் 1,500-க்கும் மேற்பட்டவர்களை எதற்குப் பிடித்து உள்ளே போட வேண்டும்? பத்திரிகையாளர் ஹெய்கல், எழுத்தாளர் நவால் அல் சாதாவி, இஸ்லாமியவாதிகள், இடதுசாரிகள் எல்லாரும் ஒரே வலையில் விழுந்தார்கள். காப்டிக் திருச்சபைத் தலைவர் ஷெனூதாவைப் பாலைவன மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் 6-ஆம் தேதி ராணுவ அணிவகுப்பில் சாதாத்தைச் சொந்தச் சிப்பாய்களே சுட்டுக் கொன்றார்கள். இறுதிச் சடங்குக்கு நிக்சன், ஃபோர்டு, கார்ட்டர் என்று மூன்று முன்னாள் அமெரிக்க அதிபர்கள் வந்தார்கள். இஸ்ரேல் பிரதமர் பெகின் வந்தார். கெய்ரோ ஜனங்கள் வரவில்லை. பாதுகாப்புக் கெடுபிடியும் ஒரு காரணம்தான். ஆனால் 1970-இல் அதிபர் நாசருக்கும் 1975-இல் பாடகி உம் குல்சுமுக்கும் திரண்ட கூட்டத்தைப் பார்த்த நகரம் அது. காவலுக்குப் பயந்து துக்கத்தை அடக்கிக்கொள்ளும் ஊர் இல்லை.

நம்மூரில் முதல்வர்கள் வெளிநாடு போனால் ஒரு சடங்கு நடக்கும். 2019-இல் எடப்பாடி பழனிசாமி முதலீடு திரட்டப் போனார், வெள்ளை அறிக்கை எங்கே என்று ஸ்டாலின் கேட்டார். ஸ்டாலின் முதல்வராகி துபாய், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா என்று போனதும் பழனிசாமி அதையே கேட்டார். டிவி விவாதத்தில் இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. போரையும் சமாதானத்தையும் முதலீட்டையும் ஒரே தட்டில் வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தவரை உட்கார வைத்து, என்ன பேசினீர்கள், எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்கும் பழக்கம் அலுப்பாக இருந்தாலும் நல்ல பழக்கம். எகிப்தில் அதைக் கேட்ட 15 பேருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம்.

ஒப்பந்தம் தோற்றுவிட்டதா என்றால், இல்லை. 1982 ஏப்ரலில் சினாய் திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த இரண்டு நாடுகளும் சண்டை போடவில்லை. 2011-இல் சாதாத்துக்கு அடுத்து வந்த அதிபர் முபாரக் விழுந்தபோதும் ஒப்பந்தம் விழவில்லை. அத்தானின் ஆபீஸ் எகிப்தியர் கேட்டது கிடைத்துவிட்டது. பாலஸ்தீனருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் எகிப்தியர்கள் அதைத் தங்கள் ஒப்பந்தமாக ஏற்கவே இல்லை. வக்கீல்கள், டாக்டர்கள், பத்திரிகையாளர்களின் சங்கங்கள் இஸ்ரேலோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று உறுப்பினர்களுக்குத் தடை போட்டன. 1994-இல் நாடக ஆசிரியர் அலி சாலெம் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு இஸ்ரேலுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ரகசியமே இல்லை. போனதைப் புத்தகமாக எழுதி விற்கவும் செய்தார். 2001-இல் எகிப்து எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது. சாதாத் கையெழுத்திட்டு அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.