பெயரறிதலும் நோயறிதலும்

மனம் நலிந்த ஒருவருக்கு நம் ஊர்களில் பெயர்கள் பல. வீட்டார் 'காற்றுக் கருப்பு' என்பர். தெருவார் 'பைத்தியம்' என்பர். உறவினரோ 'சோம்பேறி' என்று சொல்லி ஒதுங்குவர். இப்பெயர்களை நீக்கி, ஆய்ந்து தெளிந்த ஒரு பெயரைச் சொல்லும் பொறுப்பு உளவியல் பயின்றோருக்கு உண்டு. அவர்கள் அப்பெயர்களை எவ்வாறு கற்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய விரும்புவோர், 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதற்கான பயிற்சியிலும் தேர்விலும் நோய்ப்பெயர்களுக்கு அடிப்படையாக இரு நூல்கள் உள்ளன. ஒன்று, உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு. அதன் 11 ஆம் பதிப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று, அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு. 1952 இல் முதன்முதலாக வெளிவந்த அந்நூலின் அண்மைத் திருத்தம் 2022 இல் வந்தது.

அறிகுறிகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதே தேர்வுக்கு வழி என்று மாணவர் பலர் கருதுகின்றனர். பட்டியல் வேண்டியதே, ஆயின் அது மட்டும் போதாது என்பது நம் கருத்து. ஒரே அறிகுறி பல நோய்களில் தோன்றும். எத்துணைக் காலம் நீடித்தது, அன்றாட வாழ்வை எவ்வளவு குலைத்தது, வேறு காரணம் உண்டா என்னும் வினாக்களே நோய்களைப் பிரித்துக் காட்டுவன.

ஒன்பது அறிகுறிகளுள் ஐந்தேனும் இரு வாரம் நீடித்தால்தான் அமெரிக்கக் கையேடு மனச்சோர்வு நோய் என்கிறது. அவற்றுள் துயர மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ ஒன்று இருந்தே ஆகவேண்டும். அங்கும் முடிவுக்கு விரைதல் கூடாது. களைப்பும் மந்தமும் தைராய்டுச் சுரப்புக் குறைவாலும் வரலாம். இரத்தச் சோதனையால் தெளியவேண்டியதை மனநோய் என்று எழுதிவிட்டால் யார் பொறுப்பு?

மனச்சிதைவு நோய்க்கு அமெரிக்கக் கையேடு ஆறு திங்கள் நீட்சியைக் கேட்கிறது. உலகப் பகுப்போ ஒரு திங்கள் போதும் என்கிறது. நீங்காத் துயர நோய்க்கு முன்னது பெரியோர்க்கு 12 திங்களும், பின்னது 6 திங்களுக்கு மேலும் எல்லை வகுக்கின்றன. இவ்வேறுபாட்டைக் கண்டு மாணவர் மயங்க வேண்டியதில்லை. நோயுற்றோரின் துன்பம் உண்மை. எல்லைக்கோடோ அறிஞர் கூடி வரைந்தது. இதை உணர்ந்தவரே பெயரை அடக்கத்தோடு சொல்வர்.

அத்துயர நோயைப் பற்றி இரு நூல்களும் ஒன்றுபடும் இடமும் உண்டு. துயரம் அவரவர் சமுதாய, சமய வழக்கத்தின் அளவைக் கடந்ததா என்று பார்க்கச் சொல்கின்றன. கணவனை இழந்த பெண்ணொருத்தி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறாள். தேவையின்றி வெளியே செல்லாள், அணிமணி பூணாள். வழக்கம் அறியாதவர் இதனை நோயின் அடையாளமாகக் குறித்துவிடலாம். அதே பெண் உணவை மறுத்து, உறக்கம் இழந்து, சாவைப் பற்றியே பேசும்போது 'இத்தா நாளில் இப்படித்தான் இருக்கும்' என்று நாம் வாளா இருந்துவிடவும் கூடும். முன்னது பிழை, பின்னது உயிருக்கே கேடு. இரண்டையும் பிரித்தறியும் கண்ணே தேர்வு நமக்குத் தரவேண்டியது.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. நாட்டளவிலோ உலகளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே மனநோயை முடிவு செய்ய வேண்டும். ஒருவரின் சமயமோ, குலமோ, பொருள்நிலையோ அதற்குக் காரணமாகக் கூடாது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து இன்றும் நோயாளி என்று சொல்லலாகாது என்று அது வரையறுக்கிறது. சங்கிலியால் பிணைப்பதையும் தடை செய்கிறது.

அத்தடை எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டோருள் பலர் அன்பில்லாதவர் அல்லர். வேறு வழி அறியாதவர். காலத்தே நோயறிந்து சொல்ல ஒருவர் இருந்திருப்பின் சில உயிர்களேனும் தப்பியிருக்குமே என்று நம் நெஞ்சம் ஏங்குகிறது.

ஆகவே மாணவர்களே, நோய்ப்பெயரைத் தேர்வுத்தாளுக்காக மட்டும் கற்காதீர்கள்; அந்தப் பெயரைக் கேட்கப்போகும் தாயின் முகத்தை எண்ணிக் கற்பீர்களாக. ஆசிரியப் பெருமக்கள் பட்டியலோடு மனிதர்களையும் வகுப்பில் அறிமுகம் செய்ய வேண்டும். ஜமாஅத்துப் பெரியோர்களே, துஆவை நாடி வருவோரை மருத்துவரிடமும் அனுப்பி வையுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. நாம் சூட்டும் பெயர் ஒருவரைப் பூட்டும் விலங்காகாமல், அவர் நலம்பெறத் திறக்கும் வாயிலாக வேண்டும்.