அடுக்கு வீட்டிலும் ஒரு திண்ணை

அடுக்குமாடிக் குடியிருப்பு நகரத்தாருக்கே உரியது என்றிருந்த காலம் போயிற்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் விளைநிலங்கள் மனைகளாகி வருகின்றன. நிலத்தைக் காக்க விரும்புவோர் மாடியை வெறுத்தல் இயலாது. எத்தகைய மாடி என்பதே வினா.

இதற்கு நற்சான்று நம் புதுச்சேரியிலேயே உண்டு. அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1930களில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்திற்கென வகுத்த கோல்கொண்டே விடுதியே அது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்கு மாற்றாகத் திருப்பக்கூடிய பலகைகள். அறைகளுக்குக் காற்றுப் புகும் தேக்குச் சட்டக் கதவுகள். கூரைமேல் இடைவெளி விட்டுப் பதித்த வளைந்த ஓடுகள். காற்று உலவும், கடும் வெயில் புகாது. பலர் ஒரு கூரையின்கீழ் வாழினும் ஒவ்வொருவர்க்கும் தனிமை உண்டு.

அது ஆசிரமவாசிகளின் விடுதி. நமக்கோ தறியும் நெல்லும் உள. குழித்தறியை மாடியில் அமைத்தல் ஆகாது. ஆதலின் கீழ்த்தளம் தறிக்கு ஒதுக்கப்படல் வேண்டும். பாவு விரிக்கவும் நெல் உலர்த்தவும் நீண்ட பொது முற்றம் வேண்டும். வீடுதோறும் தனி வாயிலும் சிறு திண்ணையும் வேண்டும்.

அங்கத்தினர்களே, வரைபடத்தில் ஒப்பமிடுமுன் வீட்டுப் பெண்டிரையும் கலந்து கேளுங்கள். தொழிலுக்கு இடந்தராத வீட்டின் கடனை அத்தொழில் எவ்வாறு அடைக்கும்?