நன்னியை வகுப்பறைக்கு அழையுங்கள்!

பிள்ளை ஆங்கிலப் பாட்டை ஒப்பித்தால் பூரித்துப் போகிறோம். அதன் பொருள் என்னவென்று அந்தப் பிள்ளையிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் மனப்பாடத்தில் வளர்ந்தவன்தான். ஆனால், அது மட்டும் போதாது!

கூமாப்பட்டிப் பிள்ளைக்கு மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, ஊரைச் சுற்றித் தோப்பு. அந்தப் பிள்ளையிடம் குரங்கு, முதலை கதையைச் சொல்லிப் பாருங்கள். நடு ஆற்றில் சிக்கிய குரங்கு, 'என் இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேனே' என்று சொல்லித் தப்பிய கதைதான். 'அப்புறம்?' என்று பிள்ளை கேட்கும். அந்த 'அப்புறம்'தான் கல்வியின் வாசல்! அடுத்ததை ஊகிப்பதும், கேட்டதை வரிசையாகத் திருப்பிச் சொல்வதும் அங்கேதான் தொடங்குகின்றன.

'கிழவி கதை' என்று ஒதுக்குவோரே, சற்றுப் பொறுங்கள்! பஞ்சதந்திரத்தில் உள்ள கதை இது. பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகம் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் தந்தார். 1870இல் எட்வர்டு ஸ்டீர் என்ற பாதிரியார், ஆப்பிரிக்காவின் சான்ஸிபாரில் திரட்டிய சுவாஹிலிக் கதைகளை வெளியிட்டார். அதிலும் அதே குரங்கு! முதலைக்குப் பதிலாகச் சுறா. கடலோர மக்களல்லவா?

கானா நாட்டு அக்கான் மக்களின் கதைகளில் வரும் அனன்ஸி என்ற சிலந்தி, அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களோடு ஜமைக்கா வரை போனது. விலங்கு பூட்டியவனால் கதையைப் பறிக்க முடியவில்லை. நாமோ, யாரும் பறிக்காமலேயே தொலைத்துக் கொண்டிருக்கிறோம்!

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் கிராமத்துக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 2022இல் தொடங்கிய அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3ஆம் வகுப்பு வரை கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் இடம் தந்தது. நாம் நடத்தும் நர்சரிப் பள்ளிகளில் கதைக்கு இடம் உண்டா?

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் வியாபாரிகளே! கட்டடத்துக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். இதற்குப் பணமே வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் தெருவிலுள்ள ஒரு நன்னியை, ஒரு பாட்டியை முதல் வகுப்பில் உட்கார வையுங்கள். அவர் சொல்லட்டும், பிள்ளைகள் தம் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும், படம் வரையட்டும். மறுவாரம் ஆசிரியர் சான்ஸிபார் கதையைச் சொல்லட்டும். 'அங்கே ஏன் சுறா?' என்று கேட்கட்டும். பதில் தேடும்போதே பிள்ளை உலகத்தைப் படித்துவிடும். நிறத்தையும் ஊனத்தையும் சாதியையும் கேலி செய்யும் கதைகளை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே விலக்கிவிடட்டும்.

இளைஞர்களே! உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. நன்னியின் குரலை இன்றே பதிவு செய்யுங்கள். நாளை அந்தக் குரல் இருக்காது!