திரையில் காணாத மறுபாதி

1943-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மதாம் கியூரி' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். மேரி கியூரியின் இளைய மகள் ஈவ் 1937-இல் தம் அன்னையைக் குறித்து எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி, மெர்வின் லெராய் இயக்கிய படம் இது. கிரீர் கார்சன் மேரியாகவும், வால்டர் பிட்ஜன் அவர்தம் கணவர் பியேராகவும் நடித்துள்ளனர். குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க படம் என்பதில் ஐயமில்லை.

ஓர் எளிய கொட்டகையில் கணவனும் மனைவியும் கனிமக் கழிவைக் காய்ச்சி, வடித்து, மீண்டும் காய்ச்சுகின்றனர். ஆண்டுகள் கழிகின்றன. இறுதியில் கிண்ணத்தில் எஞ்சுவது வெறும் கறை. எல்லாம் வீணாயிற்றோ என்று ஏங்கிய அவர்கள் இரவில் திரும்பி வந்து பார்க்க, அக்கறை இருளில் ஒளி வீசுகிறது! மெய்யான வரலாற்றிலும், டன் கணக்கான கழிவிலிருந்து 1902-இல் அவர்கள் பிரித்தெடுத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு மட்டுமே. அம்முறைக்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் சேர்க்கவும் அவர்கள் விரும்பவில்லை. ஒருவர் உழைப்பை மற்றவர் மதித்த இத்தகைய இல்லறம் நம் தம்பதியருக்கும் நல்ல பாடம்.

ஆயினும், படம் கூறாமல் விட்ட செய்திகளும் உண்டு. ருஷ்ய ஆட்சியிலிருந்த வார்சாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்தது. மேரி பிறர் இல்லங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டிய பணத்தால், அக்காள் புரோனியா பாரிசில் மருத்துவம் பயின்றார். பின்னர் 1891-இல் தங்கையைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டார். இப்படி ஒருவரையொருவர் தாங்கிய சகோதரியரால் விளைந்ததே அப்பெருமை.

மற்றொன்று நம் மனத்தை உறுத்துவது. 1911-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் உறுப்பினர் தேர்தலில் மேரி ஓரிரு வாக்குகளில் தோற்றார். வென்ற எட்வர்ட் பிரான்லி பாரிஸ் கத்தோலிக்கக் கல்விக்கழகப் பேராசிரியர். கம்பியில்லாத் தந்திக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். அவருடைய தகுதியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், விசுவாசத்தின் காவலரைப்போல் எழுதிய சில ஏடுகள், மேரியை அந்நியர் என்றும், பெண் என்றும், யூதர் என்றும் இகழ்ந்தன. அவர் யூதர் அல்லர், யூதராயிருந்தால்தான் என்ன? நம் ஆண்டவர் யூத குலத்தில் பிறந்தவரன்றோ! அதே ஆண்டில் மேரி வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்று, இருமுறை அப்பரிசு பெற்ற முதல் மனிதரானார். அகாதெமியோ 1979-இல்தான் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது.

மேரியின் தாய் பக்தியுள்ள கத்தோலிக்கர். பத்து வயதில் அத்தாயை இழந்த மேரியின் விசுவாசம் நாளடைவில் தளர்ந்துபோயிற்று. அவரைப் புனிதையாக்க நாம் முயலவில்லை. எனினும், முதல் உலகப் போரில் எக்ஸ்-ரே கருவி பொருத்திய ஊர்திகளோடு, மகள் ஐரீனையும் அழைத்துக்கொண்டு காயமுற்ற வீரரிடம் விரைந்தவர் அவர். 1934-இல் அவர் உயிரைப் பறித்த இரத்த நோய்க்கும், நெடுங்காலம் அவர் உடலைத் தாக்கிய கதிர்வீச்சே காரணம் என்பர். இத்தகைய ஒருவர், கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டோரிடம் கண்டது அன்பையா, வெறுப்பையா? விசுவாசத்தை விட்டு விலகியோரைக் குறைகூறுமுன் இக்கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பால், இனம், சமயம் காரணமாக மனிதரை ஒதுக்குவது இறைத்திட்டத்திற்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக அறிவித்தது. நம் இல்லங்களில் அப்போதனை எவ்வளவு வேரூன்றியுள்ளது? தாலந்து உவமையில், பெற்றவனே அதை மண்ணில் புதைத்தான். நம் பெண்மக்களின் தாலந்தையோ, பல வேளைகளில் பெற்றோராகிய நாமே புதைத்துவிடுகிறோம். மேற்படிப்பை நாடும் மகளிடம் "போதும்" என்று சொல்லுமுன், அத்தாலந்தைத் தந்தவர் ஒருநாள் யாரிடம் கணக்குக் கேட்பார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.