தொட்டிக்குள் காடு யாருக்காக?

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு காடு! இரண்டு மரக்கட்டை, ஒரு பிடி ஜாவா மாஸ், நாலு செடி, பத்து மீன். படம் எடுத்தால் அசல் காடு மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் காடு பார்ப்பவருக்கா, மீனுக்கா என்று பலரும் யோசிப்பதில்லை.

இந்தக் கலையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954-2015). காடுகளைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர். செடி, மீன், நுண்ணுயிர் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழ வேண்டும் என்பதே அவர் கொள்கை. தொட்டியில் படரும் வேண்டாத பாசியைத் தின்ன இறால்களை விட்டார். அந்த இறாலுக்கு இன்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2015இல் லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் அமைத்த நீர்க்காடு 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் தண்ணீர்!

அவர் வழியில் வந்தவர்களில் சிலர் இப்போது வேறு பக்கம் போகிறார்கள். குச்சிகளைப் பசையால் ஒட்டி மரம் செய்து, மாஸை இலையாகக் கட்டி, வெள்ளை மணலில் பாதை போடுகிறார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மரத்தின் உச்சியில் மீன் பறக்கும் காடு எங்கே இருக்கிறது?

தண்ணீருக்குள் நிஜமாகவே காடு உண்டு. அமேசானின் ரியோ நீக்ரோ ஆற்றில், விழுந்த மரங்களும் உதிர்ந்த இலைகளும் ஊறி, தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். கார்டினல் டெட்ரா மீனின் வீடு அதுதான். புதுக் கட்டையிலிருந்து அதே பழுப்புச் சாயம் இறங்கினால், நம்மவர்கள் பதறிப்போய் தண்ணீரைக் கொட்டுகிறார்கள்! அந்த மீனுக்கு அது அழுக்கே அல்ல.

மாஸும் வெறும் அலங்காரம் இல்லை. அதற்கு மண் வேண்டாம், பெரிய வெளிச்சமும் வேண்டாம். கட்டையில் நூலால் கட்டிவிட்டால் மெல்லப் பற்றிக்கொள்ளும். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒளிவதும் இரை தேடுவதும் அதற்குள்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பொறுமை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றும் பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் நாளே மீனை விட்டு, ஒரு வாரத்தில் செத்ததும் கடைக்காரரைத் திட்டுவதில் என்ன நியாயம்?

மீன் ஒளிந்துகொள்ள நிழல், மேய இடம், மூச்சுவிட நல்ல தண்ணீர். இவை இருந்தால் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது காடு. இவை இல்லையென்றால், எத்தனை பரிசு வாங்கினாலும் அது தண்ணீரில் போட்ட பொம்மைதான்.