மனைப்பிரிவுக்கு முன்னால் ஒரு பூங்கா வரைபடம்

தாம்பரத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கரில் ஒரு மனைப்பிரிவு அனுமதிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,094 சதுர மீட்டர். சாலைகளுக்கு 30 சதவீதம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 5,660. அதில் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். அதாவது 566 சதுர மீட்டர், 14 சென்ட். கணக்கும் சரி, விதியும் சரி. கோப்பு நகர்ந்துவிடும்.

அந்த 14 சென்ட் வரைபடத்தில் எங்கே கிடக்கிறது என்பதைத்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது. வரைவாளர் முதலில் நுழைவுச் சாலையைப் போடுகிறார். அதிலிருந்து குறுக்குத் தெருக்கள் பிரிகின்றன. பிறகு முப்பதுக்கு நாற்பது என்று அரை கிரவுண்ட் மனைகளை வெட்டிக்கொண்டே போகிறார். மூலை மனைக்கு விலை கூடுதல், சாலை முகப்புக்கு இன்னும் கூடுதல். புல எல்லை கோணலாகத் திரும்பும் இடத்தில் மனை வெட்ட வராது. பழைய கிணற்றைத் தூர்த்த பள்ளத்தில் வீடு கட்ட யாரும் துணிய மாட்டார்கள். கடைசித் தெரு முட்டி நிற்கும் இடத்துக்கு விலை படியாது. பச்சை வண்ணம் அங்கே போய் விழுகிறது. வரைவாளரைக் குறை சொல்வதற்கில்லை. விற்கத்தக்க பரப்பைக் கூட்டித் தருவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நம் கையில் உள்ள சரிபார்ப்புப் பட்டியலும் பரப்பு எவ்வளவு, அகலம் எவ்வளவு, சாலை ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

மூன்று ஆண்டு கழித்துப் பக்கத்துப் புலத்தில் இன்னொரு மனைப்பிரிவு வருகிறது. அதற்கும் ஒரு 14 சென்ட், அதன் கோடியில். இப்படி ஐந்து புலங்களில் ஐந்து துண்டுகள். சேர்ந்து கிடந்திருந்தால் 70 சென்ட், 2,800 சதுர மீட்டருக்கு மேல். ஒரு கைப்பந்துத் திடல், நிழல் மரங்களின் கீழே ஒரு நடைபாதை, குழந்தைகளுக்குத் தனியே ஒரு மூலை எல்லாம் அதில் தாராளமாக அடங்கும். சிதறிக் கிடப்பதால் ஐந்து கம்பி வேலி, ஐந்து பூட்டு, ஐந்து இடத்திலும் சீமைக்கருவேலம். விதி அனுமதிக்கும் மிகச் சிறிய துண்டு 100 சதுர மீட்டர், குறைந்தபட்ச அகலம் 10 மீட்டர். பத்துக்குப் பத்து இடத்தின் சுற்றளவு 40 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நடக்க விரும்பும் முதியவர் அதை 25 முறை சுற்ற வேண்டும். அதைப் பூங்கா என்று பதிவேட்டில் எழுதலாம். அந்தத் தெருக்காரர்கள் அப்படி அழைப்பார்களா?

நம் விதியின் அமைப்பு இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு மனப்பாடம். 3,000 சதுர மீட்டர் வரை ஏதும் ஒதுக்க வேண்டியதில்லை. 3,000க்கு மேல் 10,000 வரை, சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம். இடம் ஒதுக்க இயலாத நிலையில் அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம். 10,000க்கு மேல் போனால் பணத்துக்கு இடமே இல்லை, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வளர்ச்சி விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் தொடர்கிறது. 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட்டைச் சற்றே தாண்டும். ஒரே குடும்பத்துப் பூமி 74 சென்ட், 74 சென்ட்டாக வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பமாக வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரண்டரை ஏக்கர் தாண்டாமல் இரண்டே கால் ஏக்கரில் நிறுத்திக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். அங்கே வரப்போகும் குழந்தைகளின் எண்ணிக்கை இதனால் குறைவதில்லை.

குழந்தைகளின் எண்ணிக்கை என்று சொன்னதும் விதியின் இன்னொரு குறை கண்ணில் படுகிறது. பத்து சதவீதம் நிலத்தை அளக்கிறது, ஆட்களை எண்ணுவதில்லை. மேலே சொன்ன இரண்டு ஏக்கரில் சுமார் 45 மனைகள் தேறும். மனைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 180 பேர். ஆளுக்கு மூன்று சதுர மீட்டர் பூங்கா. புறநகரில் அப்படி யார் விட்டுவைக்கிறார்கள்? பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு மனையிலும் தரைத்தளமும் இரண்டு மாடியும் எழும்பி, மூன்று குடும்பங்கள் வந்துவிடும். 540 பேர், ஆளுக்கு ஒரு சதுர மீட்டர். மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல்கள் எல்லா வகைத் திறந்தவெளியும் சேர்த்து ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று சொல்கின்றன. அடுக்குமாடியில் நிலைமை இன்னும் மோசம். 2019 விதிகள் உயரமில்லாக் கட்டடங்களுக்கு தளப்பரப்புக் குறியீட்டை (எஃப்.எஸ்.ஐ.) 1.5இலிருந்து 2 ஆகவும், உயர் கட்டடங்களுக்கு 2.5இலிருந்து 3.25 ஆகவும் உயர்த்தின. அதே நிலத்தில் குடியேறுவோர் கூடினார்கள். ஓ.எஸ்.ஆர். பத்திலேயே நின்றது. எஃப்.எஸ்.ஐ.யை உயர்த்தியது தவறு என்று இங்கே வாதிடவில்லை. உயர்த்திய கையோடு பூங்காக் கணக்கையும் திருத்தியிருக்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலத்தின் புறநகர்கள் 1965இல் இயற்றப்பட்ட குவிம்பி சட்டத்தின்படி இதே வேலையைச் செய்கின்றன. அங்கே அளவுகோல் ஆட்களே. மனைப்பிரிவில் குடியேறவிருக்கும் ஆயிரம் பேருக்கு மூன்று ஏக்கர். ஊரில் ஏற்கெனவே அதைவிட அதிகமாகப் பூங்கா இருந்தால் ஐந்து ஏக்கர் வரை கேட்கலாம். மூன்று ஏக்கர் என்பது ஆளுக்கு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். அங்கே நிலம் தாராளம், நம் புறநகரில் அதைக் கேட்பது நடவாது. அந்த எண்ணை நான் பரிந்துரைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் வேறு இரண்டு நிபந்தனைகள் நமக்கு வேண்டும். ஒன்று, ஊருக்கு முதலில் பூங்காக் கொள்கையுள்ள ஒரு திட்டம் இருக்க வேண்டும். அது இல்லாத ஊர் நிலமும் கேட்க முடியாது, பணமும் கேட்க முடியாது. இரண்டாவது, நிலத்துக்கு ஈடாக வாங்கிய பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஐந்து ஆண்டுக்குள் உறுதிசெய்தாக வேண்டும், தவறினால் அந்த மனைப்பிரிவின் நில உரிமையாளர்களுக்கே திருப்பித் தர வேண்டும். வால்நட் கிரீக் என்ற புறநகர் இந்தச் சட்டத்தின்படி நடந்தபோது வீடு கட்டி விற்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது.

நம் நாட்டிலும் நீதிமன்றங்கள் பூங்காவைக் கைவிடவில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சென்னையின் ஓ.எஸ்.ஆர். விதியையும், இலவசமாகத் தானப் பத்திரம் கேட்பதையும் எதிர்த்த வழக்கில், அவை செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று இனி நாம் சொல்ல முடியாது.

சட்டம் கொடுத்ததைக் கோட்டைவிடுவது தாலுகா அலுவலகத்துக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் நடுவில். தானப் பத்திரம் பதிவாகிறது. மூலப்பத்திரம் உள்ளாட்சியின் பீரோவுக்குப் போகிறது. உட்பிரிவு செய்யவில்லை, பட்டா மாறவில்லை, புலப்படத்தில் அந்தத் துண்டுக்குத் தனி எண் விழவில்லை. வருவாய்க் கணக்கில் அது இன்னமும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. பதினைந்து ஆண்டு கழித்து வாரிசுகள் வருகிறார்கள். பட்டா அவர்கள் தாத்தா பெயரில் இருப்பதைக் காட்டுகிறார்கள். 'பூங்கா' என்று வரைபடத்தில் எழுதியிருந்த இடம் 12ஏ, 12பி என்று இரண்டு மனைகளாகி விலைக்குப் போகிறது. வாங்கியவர் வங்கிக் கடனில் வீடும் கட்டிவிடுகிறார். அதன்பிறகு குடியிருப்போர் சங்கம் வழக்கு போட்டு, ஆணை வாங்கி, இடிக்கச் சொல்லும்போது மூன்று தரப்பும் அழுகிறது. உட்பிரிவு செய்து உள்ளாட்சி பெயரில் பட்டா மாறிய பிறகே மனைப்பிரிவின் இறுதி ஒப்புதல் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் இவ்வளவும் மிச்சம். சர்வேயர் பற்றாக்குறையைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். உட்பிரிவுக் கட்டணத்தை விண்ணப்பதாரர் ஏற்கெனவே கட்டத் தயாராக இருக்கிறார்; அவருக்கு வேண்டியது காலக்கெடு. தங்கள் பேரூராட்சி பெற்ற பழைய தானப் பத்திரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு உதவிப் பொறியாளரும் இதழின் பாராட்டுக்கு உரியவர். தாம்பரம் போல ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் 2021இல் ஒன்றான மாநகராட்சியில், பத்து அலுவலகங்களின் பீரோக்களைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இடம் கைக்கு வந்த பிறகு நடப்பதும் தெரிந்ததே. ஒரு மூலையில் மேல்நிலைத் தொட்டி. அடுத்து கழிவுநீர் உந்து நிலையம். அடுத்து நுண்ணுரக் கூடம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதே. ஒவ்வொன்றுக்கும் வேறு நிலம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் பூங்கா நிலத்தில் அவற்றை வைப்பது, விளையாட வேண்டிய பிள்ளைகளிடமிருந்து கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருப்பது.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். பூங்கா எங்கே வேண்டும் என்பதை மனைப்பிரிவு விண்ணப்பம் வருவதற்கு முன்பே ஊர் தீர்மானித்து, வரைந்து, வெளியிட்டிருக்க வேண்டும். குஜராத்தின் நகரத் திட்டமிடல் திட்டங்கள் இதற்குக் கண்முன் சான்று. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பகுதியின் நிலங்களை ஒன்றாகத் திரட்டி மறுபிரிவு செய்யும்போது பூங்காவுக்கும் திடலுக்கும் எடுப்பது 5 சதவீதம். நாம் கேட்பதில் பாதி. ஆனால் அந்த ஐந்தை எங்கே வைப்பது என்று வரைபவர் திட்டமிடுநர். பள்ளிக்குப் பக்கத்தில், குளத்தை ஒட்டி, ஒரே துண்டாக வைக்கிறார். அகமதாபாத்தின் விளிம்பில் அதை நடந்தே பார்த்துவிடலாம். நிலத் திரட்டுக்கு நம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் திருத்தம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் அது உடனே கைகூடாது என்பதும் தெரியும்.

கைகூடும் வரை விரிவான வளர்ச்சித் திட்டம் இருக்கிறதே என்றால், அதில் பூங்கா என்று ஒரு புலத்தைக் குறிக்க நம்மவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 38. குறித்த நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தவோ பேசி வாங்கவோ செய்யாவிட்டால் ஒதுக்கீடு தானாகவே விடுபடும். உள்ளாட்சியிடம் பணம் இல்லை, மூன்று ஆண்டு ஓடிவிடுகிறது, உரிமையாளர் கடிதம் கொடுத்து விடுவித்துக்கொள்கிறார். ஒரு பக்கம் வாங்கப் பணம் இல்லாத பூங்காக் குறியீடு. இன்னொரு பக்கம் எந்தக் குறியீட்டோடும் சேராத ஓ.எஸ்.ஆர். பணம். இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. புலக்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்கா மையம் குறித்துவைக்க வேண்டும். அதைத் தொடும் மனைப்பிரிவு தன் பத்து சதவீதத்தை அந்தப் பக்கமாகவே ஒதுக்க வேண்டும். தொடாத மனைப்பிரிவு கட்டும் பணம் அதே புலக்கூட்டத்தில், அந்த மையத்தை மூன்று ஆண்டுக்குள் வாங்கி விரிவாக்கவே செலவாக வேண்டும்.

பூங்கா மையங்களைக் குறிக்கும்போது நீர்வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகில் மக்களை மீட்டதை இந்தத் துறையில் யாரும் மறந்திருக்க முடியாது. ஏரியின் கலங்கலிலிருந்து இறங்கும் போக்குக் கால்வாயின் இரு கரையிலும் ஓ.எஸ்.ஆர். துண்டுகள் தொடர்ந்து விழுந்தால் கோடையில் அது நடைபாதை, ஐப்பசியில் வெள்ளம் நின்று வடிய இடம். விற்காத பள்ளத்தைத் தலையில் கட்டுவதற்கு இதைச் சாக்காக்கிவிடக் கூடாது என்பதற்கும் காவல் வேண்டும்: கால்வாய்க் கரையின் நிலம் பத்து சதவீதத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, மீதி மேட்டில், வீடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து.

சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022இல் விரிந்துவிட்டது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. புதிதாகச் சேர்ந்த கிராமங்களில் பல இன்னும் வயலும் தோப்புமாகவே இருக்கின்றன. அவற்றின் 'ஏ' பதிவேட்டில் களம் புறம்போக்கும் தோப்புப் புறம்போக்கும் வரிவரியாக எழுதியிருக்கிறது. அரசின் கையிலேயே உள்ள அந்தத் துண்டுகளைப் புலப்படத்தில் வண்ணமிட்டு, அவற்றையே பூங்கா மையங்களாக வைத்து, சுற்றியுள்ள புல எண்களைக் குறித்து, கிராமத்துக்கு ஒரு தாள் வீதம் முழுமைத் திட்டத்தோடு வெளியிடலாம். ஒரு திட்டமிடல் அலுவலகமும் ஒரு தாலுகா அலுவலகமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கிராமத்துக்கு அதிக நாள் பிடிக்காது. வரும் மாதங்களில் அப்படி வரையப்படும் தாள்களை இதழில் வெளியிட விரும்புகிறோம். பழைய தானப் பத்திரங்களின் பட்டா நிலவரத்தைத் தொகுத்திருப்பவர்களும் எழுதுங்கள்.