ஒரே நோய், மூன்று வைத்தியங்கள்

கிழக்காசிய தேசங்களின் பொருளாதார வளர்ச்சியை "அதிசயம்" என்று வர்ணித்து உலக பாங்கி 1993-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு ஆண்டுகள்கூட முழுதாகச் செல்லவில்லை. 1997 ஜூலை 2-ந் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டுக்கும் அமெரிக்க டாலருக்கும் இருந்த நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்டது. டாலருக்குச் சுமார் 25 பாட் என்றிருந்தது போய், அடுத்த ஜனவரியில் 50 பாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. இந்தோனேஷியா, மலேசியா, தென் கொரியா ஆகிய தேசங்களையும் சில மாதங்களுக்குள் அந்தப் புயல் சூழ்ந்துகொண்டது.

நோயின் மூலம்

இந்தத் தேசங்களின் மக்கள் உழைப்பிலும் சேமிப்பிலும் சளைத்தவர்களல்லர். சர்க்கார்களும் வரவுக்கு மிஞ்சிப் பெருஞ்செலவு செய்தவையல்ல. அப்படியிருக்க வீழ்ச்சி எப்படி நேர்ந்தது?

தனியார் கம்பெனிகளும் பாங்கிகளும் வெளிநாட்டில் வாங்கிய குறுகிய காலக் கடனே முக்கிய காரணம். உள்நாட்டு வட்டியைவிட டாலர் வட்டி குறைவு. மாற்று விகிதம் அசையாது என்ற நம்பிக்கை வேறு. ஆகவே டாலரில் கடன் வாங்கி, பாங்காக்கில் அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளினார்கள். பத்து லட்சம் டாலர் கடனைத் தீர்க்க முன்பு இரண்டரைக் கோடி பாட் போதும். நாணய மதிப்பு பாதியானதும் ஐந்து கோடி தேவைப்பட்டது. கட்டடத்தின் வாடகையோ பாட்டில்தான் வந்தது! தாய்லாந்தில் 56 நிதிக் கம்பெனிகள் நிரந்தரமாக மூடப்பட்டன.

கொரியாவும் இந்தோனேஷியாவும்

தென் கொரியா 1997 டிசம்பரில் சர்வதேச நிதி நிறுவனத்தின் உதவியை ஏற்றது. வட்டி ஏறிற்று, ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. மக்கள் கல்யாண மோதிரங்களைக்கூடக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. எனினும், கடன் கொடுத்த அந்நிய பாங்கிகள் தவணையை நீட்டிக்க ஒப்புக்கொண்ட பிறகே மூச்சு திரும்பியது. 2001 ஆகஸ்டில் நிதி நிறுவனத்தின் கடன் முழுவதும் தீர்ந்தது.

இந்தோனேஷியாவுக்கும் அதே வைத்தியர்தான். ஆனால் 1997 நவம்பரில் 16 பாங்கிகளை மூடியதும், மற்ற பாங்கிகளில் பணம் போட்டிருந்தவர்களும் பீதியடைந்தனர். 1998 மே மாதத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் விலை உயர, கலவரம் மூண்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த சுகார்த்தோவின் ஆட்சி முடிந்தது. அவ்வாண்டு அத்தேசத்தின் உற்பத்தி சுமார் 13 சதவிகிதம் சுருங்கிற்று.

மலேசியாவின் துணிச்சல்

பிரதமர் மகாதீர் நிதி நிறுவனத்தை நாட மறுத்தார். 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று விகிதத்தை நிலைநிறுத்தி, பங்குகளில் போட்ட அந்நியப் பணம் ஓராண்டுக்கு வெளியேறக் கூடாதென்று தடை விதித்தார். அழிவு நிச்சயம் என்று பலர் எச்சரித்தனர். 1999-லேயே வளர்ச்சி திரும்பிவிட்டது.

ஆயினும், அதே ஆண்டில் கொரியாவும் எழுந்துவிட்டது. ஓட வேண்டிய பணத்தில் பெரும்பகுதி தடைக்கு முன்பே ஓடியிருந்தது. மலேசியாவின் குறுகிய காலக் கடனும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆகவே வெற்றி முழுவதையும் தடையின் கணக்கில் எழுதிவிட முடியாது. தடையால் நாசம் விளையும் என்ற வாதமும் நிற்கவில்லை.

மிஞ்சிய பாடம்

மருந்தைவிட நோயாளியின் உடல்நிலையே முடிவை அதிகம் நிர்ணயித்தது. கடனின் தவணையும், பாங்கிகளின் மேல் மக்களுக்கிருந்த நம்பிக்கையும், சர்க்காரின் சொல்லுக்கிருந்த மதிப்புமே தேசங்களைப் பிரித்துக் காட்டின. 2000-ல் ஆசியான் தேசங்கள் சீனா, ஜப்பான், கொரியாவுடன் சியாங் மாயில் கூடி, ஆபத்துக் காலத்தில் ஒருவருக்கொருவர் டாலர் கொடுத்துதவ இசைந்தது இந்த அனுபவத்தின் விளைவே. கட்டடம் கட்டியவர்கள் லாபம் கண்டார்கள். கடன் முறிந்தபோது வேலையிழந்தவன் தொழிலாளி. வளர்ச்சி விகிதத்தைப் பார்த்து மகிழும் எந்தத் தேசமும், அந்த வளர்ச்சி யாருடைய பணத்தில், எத்தனை மாதத் தவணையில் நிற்கிறது என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.